பள்ளி ஓவிய வகுப்பு: கேள்விகளும் என் பதில்களும்

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த காகிதக்கூழ் முகமூடிகளைப் பற்றிப் போன வாரம் எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

காகிதக்கூழில் எது செய்தாலும் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கிறது. கூழில் ஏதாவது தவறா? (புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை)

கூழில் இல்லை டீச்சர், காயவைப்பதில்தான். செய்தித்தாளை வெட்டாமல் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில்தான் நார் நிற்கும். ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் இடித்து, ஒட்டப் பிழியுங்கள். நம் பாட்டிமார்கள் முறத்துக்கும் கூடைக்கும் பூசிய கூழில் வெந்தயம் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பார்கள். அதன் வழவழப்பே பசையாகிவிடும், கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பார்கள். மூன்று கிண்ணம் கூழுக்கு ஒரு கைப்பிடி வெந்தயம் எனக்குச் சரியாக வருகிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடும் வழக்கமும் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மெல்லிசாக ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. ஒரேயடியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். ஐப்பசி மழையில் மட்டும் இதைத் தொடாதீர்கள். நான் ஒரு வருடம் தொட்டேன், நாற்பது முகமூடிகள் குப்பைக்குப் போயின.

சிவப்பும் நீலமும் கலந்தால் கத்தரிப்பூ நிறம் என்கிறார்கள். எனக்குச் சேறு மாதிரி வருகிறது. (எட்டாம் வகுப்பு மாணவன்)

தம்பி, நீ எடுத்த குப்பியில் வெர்மிலியன் அல்லது ஸ்கார்லெட் என்று எழுதியிருக்கிறதா பார். அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கிறது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். மஞ்சள் சாயல் இல்லாத கிரிம்சன் சிவப்போடு அல்ட்ராமரீன் நீலத்தைக் கலந்து பார்.

வெண்டைக்காய் அச்சு தெளிவாக விழுவதில்லை.

ஈரம்தான் காரணம். நறுக்கியதும் செய்தித்தாளில் அரைமணி நேரம் கவிழ்த்து வையுங்கள். வண்ணத்தில் முக்காமல், ஸ்பாஞ்சில் தடவிய வண்ணத்தில் ஒற்றி எடுங்கள். சமையலுக்கு ஆகாத முற்றல் காயே இதற்குப் போதும்.

சுற்றுச்சுவரில் படம் வரைய வேண்டும். நன்றாக வரையும் நாலு பேரை மட்டும் விட்டால் போதாதா? (தலைமை ஆசிரியர்)

போதும் சார், ஆனால் மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். கட்டம் போடுங்கள். ஏ4 தாளில் 20 × 28 செ.மீ. படத்தை 2 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் 140 கட்டம் வரும். சுவரில் அதே கட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால் படம் 2 மீட்டருக்கு 2.8 மீட்டர். 140 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கட்டம். நூலில் கலர்ப்பொடி தடவி இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் சுண்டினால் கோடு விழும், கொத்தனார்கள் செய்வதுதான்.

எந்தப் படம் என்றால், நான் சித்தன்னவாசல் தாமரைக்குளத்தைச் சொல்வேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் சமணக் குடைவரையின் விதானத்தில் இருக்கிறது. தாமரை, மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று குளம் முழுக்கச் சின்னச் சின்ன உருவங்கள். எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். கட்டங்கள் சேரும் இடத்தில் யானையின் தும்பிக்கை கொஞ்சம் கோணும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷனில் வரையுங்கள். போஸ்டர் கலர் முதல் மழைக்கே ஓடிவிடும்.

மகளின் பிராஜெக்டை நானே செய்து கொடுத்துவிடுகிறேன். தப்பா? (ஒரு அம்மா)

எங்களுக்குத் தெரிந்துவிடும் அம்மா! பத்து வயதுப் பிள்ளை வட்டம் வெட்டினால் ஓரம் பிசிறும், கொஞ்சம் நெளியும். உங்கள் வீட்டிலிருந்து வருவது தட்டு வைத்து வெட்டிய வட்டம். கெட்டி அட்டையைக் கத்தியால் அறுத்துக் கொடுங்கள், அது உங்கள் வேலை. அப்புறம் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

களிமண் பொம்மையின் கை காய்ந்ததும் கழன்று விழுகிறது.

ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி அழுத்துங்கள். நிழலில் காயட்டும். ஏற்கெனவே விழுந்த கைக்கு ஃபெவிகால்தான்.