‘அயக்’, ‘உரா’, ‘அடி’: மூன்றும் ஒரே வேரா?

கேள்வி: துருக்கி மொழி கற்று வருகிறேன். பாதத்தைக் குறிக்கும் ‘அயக்’ என்னும் சொல்லுக்கு மூலவடிவமாக ஓர் அகராதி, உடுக்குறி (*) இட்டு ‘ஹடக்’ என்று ரோமன் எழுத்தில் தருகிறது. ரஷ்யாவில் பேசப்படும் சுவாஷ் மொழியில் பாதத்தைக் குறிக்கும் ‘உரா’வும் அதிலிருந்து வந்ததே என்கிறது. இதை எப்படி நம்புவது? நம் ‘அடி’யும் இதனோடு சேருமா?

பதில்: உடுக்குறி இட்ட வடிவம் எழுத்துச் சான்று எதிலும் கிடைக்காதது, உறவு மொழிகளை ஒப்பிட்டு மீட்டமைத்தது. ஆனால் இந்தச் சொல்லுக்கு வலுவான பழஞ்சான்று உண்டு. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் கி.பி. 732ஆம் ஆண்டைச் சேர்ந்த கூல் தெகின் கல்வெட்டில், போரில் துருக்கியரின் கால்கள் தளர்ந்ததைச் சொல்லுமிடத்தில் ‘அதக்’ என்றே வருகிறது. 11ஆம் நூற்றாண்டு அகராதியாசிரியர் மஹ்மூத் அல்-காஷ்கரியும், சில குலத்தார் இதை ‘அஸக்’ என்பதாகக் குறித்திருக்கிறார்.

‘அதக்’கின் இடையிலுள்ள தகரம் துருக்கியக் குடும்ப மொழிகளில் எப்படிப் பிரிந்தது என்பதுதான் முக்கியம். துவா மொழியில் அது தகரமாகவே நின்று ‘அதக்’ ஆனது. ஆனால் பொருள் நகர்ந்து, இன்று ‘அடிப்பகுதி, கடைசி’ என்றே வழங்குகிறது. யாக்கூத்தில் ‘அத்தஹ்’, ஹகாஸில் ‘அஸஹ்’, கசாக்கிலும் துருக்கியிலும் ‘அயக்’, சுவாஷில் ‘உரா’. ஒரு சொல்லை மட்டும் வைத்து இதைச் சொன்னால் நானும் நம்பமாட்டேன். பூர்ஜ (பிர்ச்) மரத்தின் பெயரைப் பாருங்கள்: துவாவில் ‘ஹதிங்’, யாக்கூத்தில் ‘ஹத்திங்’, ஹகாஸில் ‘ஹஸிங்’, கசாக்கில் ‘கயிங்’, சுவாஷில் ‘ஹுரன்’. அதே வரிசை அப்படியே திரும்ப வருகிறது. ‘உரா’வில் இறுதிக் ககரம் காணாமற்போனதும் தனி விதிவிலக்கன்று, மண்ணைக் குறிக்கும் துருக்கியின் ‘தொப்ராக்’, சுவாஷில் ‘தப்ரா’ என்றுதான் இருக்கிறது.

இந்த மாற்றத்தின் பக்கவிளைவு ஒன்று, கற்பவர் என்ற முறையில் உங்களுக்கு உதவும். பழந்துருக்கியத்தில் ‘அதக்’ என்றால் கால், ‘அயக்’ என்றால் கிண்ணம். தகரம் யகரமான மொழிகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால், கசாக்கில் ‘அயக்’ காலையும் குறிக்கும், கிண்ணத்தையும் குறிக்கும். ‘அயக்-தபக்’ என்று கேட்டால் பாத்திரபண்டங்கள் என்று கொள்ளுங்கள். ஹகாஸில் ‘அஸஹ்’ காலாகவும் ‘அயஹ்’ கிண்ணமாகவும் பிரிந்தே நிற்கின்றன.

முதலிலுள்ள ஹகரம் மட்டும் விவாதத்துக்குரியது. நடு ஈரானில் பேசப்படும் கலஜ் மொழியில் ‘ஹதக்’ என்னும் வடிவம் வழங்குகிறது. அம்மொழியை விரிவாக ஆராய்ந்த கெர்ஹார்ட் டோர்ஃபர், அந்த ஹகரம் மூலமொழியிலிருந்தே வந்தது என்றார். அதை ஏற்காதவர்கள் வெறும் ‘அதக்’ என்றே மீட்டமைக்கிறார்கள்; உங்கள் அகராதி டோர்ஃபர் பக்கம் நிற்கிறது.

‘அடி’ இதில் சேராது. ரோமன் எழுத்தின் ‘டி’ உங்களை ஏமாற்றியிருக்கிறது. துருக்கியத்தில் அது பல்லொலியான தகரம், நம்முடையது நாவை மடித்து ஒலிக்கும் நாமடி டகரம். ‘அடி’யின் உறவு கன்னட ‘அடி’யிலும் தெலுங்கு ‘அடுகு’விலும் தெளிவாகக் கிடைக்கிறது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைத் துருக்கியம் உள்ளிட்ட ‘சித்திய’ மொழிகளோடு இணைத்துப் பார்த்தது உண்மைதான் என்றாலும், மேலே பூர்ஜ மரத்தில் கண்டதைப் போன்ற ஒழுங்கான ஒலி இணைகளை இவ்விரு குடும்பங்களுக்கும் இடையே இதுவரை எவரும் நிறுவவில்லை.