வண்டி நிற்கிறது, கரண்ட் நிற்கவில்லை

வாசகர் கேள்வி: படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல அமைத்த எங்கள் மோட்டார்ஹோம் வண்டியை வருடத்துக்கு இரண்டு முறைதான் வெளியே எடுக்கிறோம். மீதி நாளெல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டிய ஷெட்டில் நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வீட்டு பிளக்கில் செருகியே வைத்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் வண்டி, யாரும் தொடாமல் நின்ற இடத்திலேயே எரிந்துபோனதாகக் கேள்விப்பட்டதிலிருந்து பயமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. உங்கள் பயம் நியாயமானதுதான்.

மோட்டார்ஹோமுக்குள் கரண்ட் நான்கு வழிகளில் வரலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஒன்று. விளக்கு, பம்ப், ஃபேனுக்கான உள் பேட்டரி இன்னொன்று. நீங்கள் செருகி வைத்திருக்கும் வீட்டு லைன் மூன்றாவது. கூரையில் சோலார் தகடு இருந்தால் அது நான்காவது. உள்ளே இருக்கும் மெயின் சுவிட்ச் பெரும்பாலும் உள் பேட்டரியை மட்டும்தான் துண்டிக்கும். அதிலும் கேஸ் கசிவு அலாரம், சோலார் கன்ட்ரோலர் போன்றவற்றை அந்த சுவிட்சைத் தொடாமல் நேராக பேட்டரியிலிருந்தே இழுத்திருப்பார்கள். பிற்பாடு யாராவது மாட்டிய கேமராவும் ஸ்டீரியோவும்கூட அப்படியே. எஞ்சின் பக்கத்திலோ சாவியை எடுத்த பிறகும் ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் போகும் தடித்த கேபிள்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

"12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே" என்று பலர் சொல்வார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் தீப்பிடிக்க வோல்ட் அதிகம் தேவையில்லை. நல்ல பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நடுவில் ஃப்யூஸ் இல்லையென்றால் வயர் சில நொடிகளில் பழுத்துச் சிவந்துவிடும். அதனால்தான் ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். பத்தடி தள்ளிப் போட்ட ஃப்யூஸ், அந்தப் பத்தடி வயரைக் காப்பாற்றாது.

நிற்கும் வண்டியில் ஷார்ட் எப்படி வரும்? பல நேரம் எலியால். ஆறு மாதம் நின்ற ஒரு வண்டியில் ஃப்ரிட்ஜின் பின்பலகையைக் கழற்றினேன். இருக்கைப் பஞ்சையும் காகிதத்தையும் கிழித்து எலி கூடு கட்டியிருந்தது. அந்தக் கூட்டின் நடுவிலேயே சிவப்பு வயர் ஒன்று, விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. அரை அங்குலத்தில் இரும்புச் சட்டம். காய்ந்த பஞ்சும் தோல் உரிந்த வயரும் ஒரே இடத்தில். வண்டி ஒருமுறை அதிர்ந்திருந்தால் போதும். பொந்துகளை இரும்பு வலையால் அடையுங்கள். ஆனால் பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளையையும், கேஸ் வெளியேறத் தரையில் விட்டிருக்கும் துளையையும் முழுக்க அடைத்துவிடக் கூடாது. அங்கே காற்று போகும் வலை மட்டும் போடுங்கள்.

அடுத்தது, நீங்கள் செருகியே வைத்திருக்கும் பிளக். இதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். பின்கள் களிம்பு பிடித்தோ தளர்ந்தோ போனால் அந்த இடத்தில் மின்தடை கூடும். அரை ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் போகும்போது அந்த ஒரே புள்ளியில் 50 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்னின் சூடு அது. வண்டிக்குள் ஈரம் சேரக் கூடாதென்று ஹீட்டரை ஓடவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 10 ஆம்பியர் அப்படித்தான் வருகிறது. லோடு கூடினால் லைனைத் தானாக அணைக்கும் எம்.சி.பி. விழாது, ஏனென்றால் கரண்ட் அளவு மீறவில்லை. கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் எங்கும் கசியவில்லை. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் அதுவும் தனியாகச் சூடாகும்.

பழைய பேட்டரியை நிரந்தரமாக சார்ஜரில் விடுவதும் ஆபத்துதான். ஒரு செல் செத்திருந்தால் பேட்டரி எப்போதும் முழு வோல்டேஜைத் தொடாது. சாதாரண சார்ஜர் விடாமல் கரண்டைத் தள்ளும், பேட்டரி கொதிக்கும், ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றும்.

சரி, என்ன செய்வது? பேட்டரிகளை முழுதாக சார்ஜ் செய்துவிட்டு வீட்டு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சோலார் இருந்தால் தகட்டிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் இணைப்பை முதலில் எடுங்கள், பேட்டரிப் பக்கம் அப்புறம். பிறகு இரண்டு பேட்டரிகளிலும் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனையில் துணி சுற்றி ஓரமாக வையுங்கள். பாசிட்டிவில் முதலில் கை வைத்தால் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டு அங்கேயே ஷார்ட் ஆகலாம். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. கழற்றிய பிறகு சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, சாவியால் திறக்கும் கதவு எது என்று முன்பே பார்த்து வையுங்கள். கேஸ் அலாரமும் செத்துப்போகும் என்பதால் சிலிண்டர் வால்வை மூடியே ஆக வேண்டும்.

மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். லெட்-ஆசிட் பேட்டரியில் 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். பகலில், நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் நிரப்ப வேண்டாம், பாதி சார்ஜில் வைப்பதே அதற்கு நல்லது.

ஷெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. படுக்கையறைச் சுவரை ஒட்டி வண்டி நிற்கிறது என்றால், முடிந்தால் தள்ளி நிறுத்துங்கள். முடியாவிட்டால் ஷெட்டில் ஒரு புகை அலாரம், வீட்டுக்குள் சத்தம் கேட்கிற மாதிரி. இதெல்லாம் செய்ய ஒரு நாள் தள்ளிப்போகலாம். ஆனால் இன்றே அந்த பிளக்கை உருவிப் பின்களைப் பாருங்கள். பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் உருகி நெளிந்திருந்தாலோ, கருகல் வாடை அடித்தாலோ திரும்பச் செருகாதீர்கள். பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய சாக்கெட் புது பிளக்கையும் கெடுத்துவிடும்.