அப்பாவின் தொழில்: 'தனியார்'

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 500க்கு 418 எடுத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். பயாலஜி குரூப் எடுத்தால் டாக்டராகலாம் என்று நாங்கள் சொல்கிறோம். அவனோ அதே பள்ளியில் தொழிற்பிரிவில் எலக்ட்ரிக்கல்தான் எடுப்பேன் என்று மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் பிடிவாதம் பிடிக்கிறான். நகையை அடகு வைத்தாவது நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு உள்ள ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தியும் செய்துவிட்டேன். என் கணவர் வீடுகளுக்கு வயரிங் செய்பவர். கௌரவமாக இருக்கட்டுமே என்று 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'தனியார்' என்று எழுதினேன். அவர் இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை. ஆசிரியராக இருக்கும் என் அண்ணன், 'இது குலக்கல்வியில்தான் போய் முடியும்' என்கிறார். மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அடுத்த வாரமே இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். வருஷா வருஷம் ஊர் மாறும், மார்க் மாறும், 'எப்படிப் புரியவைப்பது' மட்டும் மாறாது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் என்று ஒரு தொழில் உண்டா? தனியார் பஸ் உண்டு, தனியார் வங்கி உண்டு. உங்கள் கணவர் செய்வது வயரிங். ஊரில் எத்தனை வீட்டுச் சுவருக்குள் அவர் இழுத்த ஒயர் ஓடுகிறதோ, அந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அவர் யார் என்று தெரியும். நாமக்கல் பள்ளிக்கு மட்டும் தெரியக் கூடாது. நீங்கள் அடகு வைக்க எடுத்து வைத்திருக்கும் நகைகூட அந்த வேலையில் வந்த காசில் வாங்கியதாகத்தான் இருக்கும். (அம்மா வீட்டில் போட்டது என்றால் மன்னியுங்கள். ஆனால் அதை மீட்கப்போவது அந்தக் காசுதானே?)

அந்த ஒரு வார்த்தையைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் மகன் அதைப் படித்திருப்பான். தன் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்காத பதினைந்து வயசுப் பையனை நான் கண்டதில்லை. அப்பா செய்கிற வேலையின் பெயரை அம்மா வெளியே சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அதே வேலையைத்தான் அவன் படிக்கக் கேட்கிறான். இதை வெறும் குரூப் சண்டை என்று நினைத்துக்கொண்டு தட்டில் சோறு வைக்கிறீர்களே, எப்படிச் சாப்பிடுவான்?

கணவர் வாயே திறப்பதில்லை என்று ஒரு குறை வேறு. தன் தொழிலை எழுதப் பெண்டாட்டியே கூசுகிற வீட்டில், அந்த மனுஷன் பிள்ளையின் படிப்பைப் பற்றி என்ன பேசுவார்? நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்று ராத்திரியே, மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் 'வேண்டாம், என் கஷ்டம் என்னோடு போகட்டும்' என்றுகூடச் சொல்லலாம். ஏணியில் நின்று கழுத்து வலிக்க வேலை பார்த்தவர், ஷாக் வாங்கியவர், அப்படிச் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும். ஒரு வீட்டில் உழைத்துக் கொட்டுகிறவரைக் கேட்காமல் பிள்ளையின் படிப்பை முடிவு செய்வது என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு. அண்ணனைக் கேட்டீர்கள், என்னைக் கேட்டீர்கள். அவரைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

உங்கள் அண்ணன் சொன்னதை நான் லேசாகத் தள்ளவில்லை. 1953இல் ராஜாஜி ஆட்சியில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது போயிற்று. போனது நல்லது. அது சின்னப் பிள்ளைகளின் தலையில் பிறப்பைப் பார்த்துக் கட்டிய வேலை. மார்க் குறைந்த பிள்ளைகளை 'உனக்கு இதுதான்' என்று தொழிற்பிரிவில் கொண்டுபோய்த் தள்ளும் பள்ளிகள் இன்றைக்கும் இருக்கின்றன. அங்கே உங்கள் அண்ணன் கோபப்பட்டால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். ஆனால் 418 எடுத்த பையனை யார் தள்ளினார்கள்? அவனாக அல்லவா கேட்கிறான்! டாக்டர் ஆசைதான் யாருடையது என்று தெரியவில்லை. அவன் அப்படிச் சொன்னதாக ஒரு வரி இல்லை.

பிளஸ் டூ வந்த 1978லிருந்தே தொழிற்பிரிவும் இருக்கிறது. அதில் படித்தால் அதோடு படிப்பு முடிந்தது என்பது தப்பான நினைப்பு. பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்கென்று தனித் தரவரிசைப் பட்டியலே உண்டு. அடைபடும் கதவு மருத்துவம். உயிரியல், இயற்பியல், வேதியியல் இல்லாமல் நீட் பக்கம் போக முடியாது. இதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், யோசித்துப் பதில் சொல்லட்டும்.

இப்போது அந்த நாமக்கல் கணக்கு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலிருந்தும் பொறியியலில் 2021இலிருந்தும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேரும் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மேல்படிப்புப் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாயும் வரும், பாலிடெக்னிக் போனாலும் வரும். பதினோராம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டால் இதெல்லாம் போச்சு. ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்துச் சேர்த்த தகுதியை, நகையையும் அடகு வைத்துத் தொலைக்கப் பார்க்கிறீர்கள். அவன் பயாலஜியே எடுத்தாலும் அதே பள்ளியிலேயே எடுக்கட்டும்.

பையனையும் நான் சும்மா விடுவதாக இல்லை. சாப்பிடாமல் இருப்பது என்ன பழக்கம்? பேசச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியில் எலக்ட்ரிக்கலுக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறைக்கு உருப்படியான கருவிகள் இருக்கின்றனவா என்று அவனே போய்ப் பார்த்து வர வேண்டும். ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பெயருக்கு ஓடுகிற பிரிவுகளும் உண்டு. பாடத்தொகுப்பில் கணிதம் இருக்கிறதா என்றும் கேட்கட்டும், பின்னால் இன்ஜினியரிங் என்றால் அது வேண்டும். குரூப் சுலபம் என்று நினைத்து வருகிறானா, வேலை பிடித்து வருகிறானா என்பது இந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் கணவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால், அனுபவத்தை வைத்து எழுதக்கூடிய மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. மகன் புத்தகத்தை விரித்து உட்காரும்போது அவரும் கூட உட்காரலாம். மகனுக்குத் தியரி, அப்பாவுக்குக் கை. யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

நாமக்கல் விண்ணப்பத்தைக் கிழித்துவிடுங்கள். எந்த குரூப் ஆனாலும் பழைய பள்ளிக்கு மூன்று பேருமாகப் போங்கள். அங்கேயும் முன்பு 'தனியார்' என்று கொடுத்திருந்தால், தலைமையாசிரியரிடம் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து 'வயரிங் வேலை' என்று திருத்தச் சொல்லுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.