ஃபிரிட்ஜ் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? கடலோரக் கடைக்காரர்களுக்குப் பதில்கள்

ராமேஸ்வரம், மெஸ் நடத்தும் அக்கா: ரெண்டு மாத பில் ஏறிக்கொண்டே போகிறது. ஃபிரிட்ஜால்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராத்திரிக் கணக்கு எடுங்கள் அக்கா. கடை சாத்தும்போது ஃபிரிட்ஜைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈபி மீட்டரில் யூனிட்டைக் குறியுங்கள், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் சேர்த்து. காலையில் கதவைத் திறக்கும் முன் மறுபடி குறியுங்கள். ஆறு மணி நேரத்தில் 1.2 யூனிட் ஓடியிருந்தால் மணிக்கு 0.2 யூனிட். இது ஃபிரிட்ஜின் சொந்தச் செலவு. யாரும் கதவைத் திறக்கவில்லை, சூடான குழம்பும் உள்ளே போகவில்லை.

இந்த எண்ணை வாரம் ஒருமுறை நோட்டில் எழுதி வையுங்கள். பில்லை விட இது முக்கியம் என்பேன். பில் வருவதற்குள் ரெண்டு மாதம் ஓடிவிடும். ராத்திரி எண்ணோ, பழுது தொடங்கிய வாரமே காட்டிக்கொடுத்துவிடும்.

கீழக்கரை, பிரியாணிக் கடைத் தம்பி: காக்கா (அண்ணே), வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில் 2.6 ஆம்பியர் காட்டுது. 230 வோல்ட்டால் பெருக்கி 24 மணி நேரத்துக்குப் போட்டா 14 யூனிட்டுக்கு மேல வருது. ஆனா தனி மீட்டர் வச்சுப் பார்த்தா 7தான். எது சரி?

மீட்டர்தான் சரி தம்பி. உங்கள் கணக்கில் ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஒன்று, பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எவ்வளவு பங்கு உண்மையில் யூனிட்டாக ஓடுகிறது என்பது. கம்ப்ரஸர் மோட்டாருக்கு அது 0.8 என்று வைத்தாலே 14 யூனிட் பதினொன்றரையாகக் குறையும். இன்னொன்று, கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடாது. குளிர் எட்டியதும் நிற்கும், ஏறினால் மறுபடி ஓடும். நூற்றுக்கு அறுபது பங்கு நேரம் ஓடினால் 7 யூனிட் வரும்.

பாம்பன், மீன் கடை அண்ணன்: வெயில் கூடவில்லை, வியாபாரமும் அப்படியேதான். ராத்திரி எண் மட்டும் 0.2-லிருந்து 0.26 ஆகிவிட்டது.

அண்ணே, இதை விடாதீர்கள். பத்தில் மூன்று பங்கு கூடியிருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னாலோ அடியிலோ இருக்கும் கண்டென்சரை, அதாவது உள்சூட்டை வெளியே தள்ளும் குழாயும் தகடும் சேர்ந்த பாகத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். நம் கரையில் உப்புக்காற்று ஓயாது. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும், விரல் பட்டாலே உதிரும். அப்படி ஆனபின் சூடு வெளியேறாது, அதே குளிருக்குக் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும்.

உதிரும் நிலைக்குப் போகவில்லையென்றால், மோட்டார், வயர் பக்கம் படாமல் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே தேய்த்து, காயவிட்டுப் போடுங்கள். ஆசிட் கலந்தது எதுவும் வேண்டாம். அப்புறம் கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். நழுவினால் கடல் ஈரம் முழுக்க உள்ளே போய்ப் பனியாக உறைகிறது என்று அர்த்தம். இவ்வளவும் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜுக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்: மீன்பிடித் தடைக்காலத்தில் ஃபிரிட்ஜ், ஃப்ரீசரை ராத்திரி மட்டும் அணைத்து வைக்கலாமா?

வேண்டாம். உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, மீன் ஃப்ரீசர் மைனஸ் 18-ல் நிற்க வேண்டும். ராத்திரி மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியைக் காலையில் மறுபடி குளிரவைக்கவே கொடுத்துவிடுவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, சரக்கு குறைவு. ரெண்டு ஃப்ரீசர் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றில் சேர்த்துவிட்டு, மற்றதை அணைத்து, துடைத்து, கதவை லேசாகத் திறந்து வையுங்கள்.

ராமேஸ்வரம், ஹோட்டல் தம்பி: ஆடி அமாவாசைக்கு எவ்வளவு யூனிட் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா அண்ணே?

தோராயமாகச் சொல்லலாம். ராத்திரி எண் 0.2 என்றால் 24 மணிக்கு 4.8 யூனிட். சாதாரண நாளில் மொத்தம் 7 ஆகிறது என்று வைப்போம். மிச்சம் 2.2 கதவு திறப்பதாலும், புதுச் சாமான் வைப்பதாலும், பகல் சூட்டாலும் வருகிறது. தினம் 200 சாப்பாடு போகிற கடையில் அன்றைக்கு 600 போனால், அந்த 2.2 மூன்று மடங்காகி 6.6. ஆக மொத்தம் 11.4.

இப்போது ஃபிரிட்ஜ் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட்டைப் பாருங்கள். 450 வாட் என்றால், நிற்காமல் ஓடினாலும் நாளுக்கு 10.8 யூனிட்தான் இழுக்க முடியும். கணக்கு அதைத் தாண்டுகிறது. அப்படியானால் அன்றைக்குப் பயப்பட வேண்டியது பில்லுக்கு அல்ல, உள்ளே இருக்கும் சாமானுக்கு. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் எட்டாது. தண்ணீர் பாட்டில், கூல் டிரிங்க்ஸை ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். சாம்பாரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, சூட்டை இறக்கி, ரெண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். ஒரு தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து மணிக்கு ஒருதரம் பாருங்கள்.

தொண்டி: ஓடிய யூனிட்டை மொபைலில் காட்டும் வைஃபை பிளக் வாங்கலாமா?

வாங்கலாம், 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், சின்ன பிளக் கருகிவிடும். கரண்ட் போய் வந்தபின் தானாக ஆன் ஆகும்படி செட்டிங் வைக்க மறக்காதீர்கள்.