முடக்குவாதத்துக்குப் புதிய மருந்துகள்: பணம் கட்டுவதற்கு முன்பு

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு வந்திருக்கும் புதிய சிகிச்சைகளையும் அவற்றின் செலவையும் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவமனை மருந்தகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மருந்தாளுநர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எந்த மருந்தையும் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

கேள்வி (மதுரை): என் அம்மாவுக்கு 54 வயது. எட்டு மாதங்களாக மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டும் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. மருத்துவர் 'பயாலஜிக்' ஊசி போடலாம் என்கிறார். நகையை அடகு வைத்தாவது தொடங்கிவிடலாமா?

பதில்: பயாலஜிக் என்பது, மூட்டைத் தாக்கும் எதிர்ப்பாற்றலின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் தடுக்கும், உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்து. அதற்கு முன், அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து, மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய இந்த மருந்தை, உடல் தாங்கினால் 20 அல்லது 25 மில்லிகிராம் வரை உயர்த்துவதுண்டு, ஆனால் 7.5 அல்லது 10 மில்லிகிராமிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பவர்கள் மிகப் பலர். குமட்டல் காரணமாக அம்மா சில வாரங்கள் சொல்லாமல் விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதும், மாத்திரைக்குப் பதிலாக அதையே தோலுக்கடியில் ஊசியாகப் போடுவதும் உதவும்.

அடுத்து, சல்ஃபாசலசைனையும் ஹைட்ராக்சிகுளோரோகுவினையும் சேர்த்து மூன்று மருந்துகளாகக் கொடுத்துப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட்டால் மட்டும் கட்டுப்படாத நோயாளிகளிடம், இந்த மலிவான கூட்டு மருந்தையும் விலை உயர்ந்த எடனர்செப்ட் என்னும் பயாலஜிக் ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. முதலில் கூட்டு மருந்தைத் தொடங்கி, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் பின்னர் ஊசிக்கு மாற்றிய வழி, ஊசியிலேயே தொடங்கிய வழியைவிடத் தாழ்ந்ததல்ல என்று அதில் தெரிந்தது.

இதையெல்லாம் முறையாகச் செய்த பிறகும் வீக்கம் வடியாமல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு உயர்ந்தே இருந்து, எக்ஸ்-ரேயில் எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தால், ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அரித்துப் போன எலும்பை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது.

விலை கேட்கும்போது ஓர் ஊசியின் விலையைக் கேட்காதீர்கள், ஓர் ஆண்டுக்கான விலையைக் கேளுங்கள். அடலிமுமாப் என்னும் பயாலஜிக் ஊசி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது. ஆண்டுக்கு 26 ஊசிகள் ஆகும். நகைப் பணம் நான்கு மாதங்களில் தீர்ந்து ஊசியும் நின்றுவிட்டால், நோய் திரும்பவும் தலைதூக்கக்கூடும். வட்டி மட்டும் மிஞ்சும். அடலிமுமாபுக்கு இணையான உள்நாட்டு மருந்தை 2014இல் சைடஸ் நிறுவனம் கொண்டுவந்த பிறகு வேறு நிறுவனங்களும் தயாரிக்கத் தொடங்கியதால், இன்று விலையில் பெரிய வேறுபாடு உண்டு. எந்தத் தயாரிப்பு, நிறுவனத்தின் இலவச ஊசித் திட்டம் ஏதேனும் உண்டா என்று மருத்துவரிடமே கூச்சமின்றிக் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இருமலே இல்லை. இது வீண் செலவு இல்லையா?

பதில்: இல்லை ஐயா, கட்டாயம் செய்ய வேண்டிய செலவு. நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி எந்த அறிகுறியும் இல்லாமல் உறங்கிக் கிடக்கிறது. அடலிமுமாப், இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசிகள் அதை அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்பாற்றலையே தளர்த்துகின்றன. இரத்தப் பரிசோதனை அல்லது மாண்டூ என்னும் தோல் பரிசோதனை, அத்துடன் மார்பு எக்ஸ்-ரே, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஆகிய எவற்றையும் விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): ஒரு தனியார் மையத்தில் ஸ்டெம் செல் சிகிச்சையால் முடக்குவாதம் முற்றிலும் குணமாகும் என்கிறார்கள். நான்கு லட்சம் முன்பணம். குணமான ஒருவரின் காணொளியும் காட்டினார்கள்.

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும், அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தனியாக ஒப்புதல் பெற்ற ஓரிரு தயாரிப்புகளும் தவிர, ஸ்டெம் செல்லை (வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணுவை) ஒப்புதல் பெற்ற ஆய்வின் பகுதியாக மட்டுமே கொடுக்கலாம் என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் ஊசி 2022இல் ஒப்புதல் பெற்றது உண்மை. ஆனால் தேய்மானம் வேறு, உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறு. முன்னதற்குக் கிடைத்த ஒப்புதலைக் காட்டிப் பின்னதற்குப் பணம் வாங்குவது நோயாளியின் வலியைப் பயன்படுத்திக்கொள்ளும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

முடக்குவாதம் சிலருக்குச் சில மாதங்கள் தானாகவே தணியும், பிறகு மீண்டும் கிளம்பும். தணிந்திருக்கும் நாளில் எடுத்த காணொளியில் எல்லோரும் குணமானவர்களாகவே தெரிவார்கள். ஆண்டுக்கணக்கில் தொடரும் நோய்க்கு ஒரே தவணையில் முழுக் குணம் என்று எழுதிக் கொடுப்பவரிடம், அந்தச் செல் தயாரிப்பின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): புதிய மருந்துக்கான ஆய்வில் சேரலாமா? அதற்கும் கட்டணம் உண்டா?

பதில்: ஆய்வுக்குரிய மருந்துக்கும் பரிசோதனைக்கும் உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம். முறையான ஆய்வு எதுவும் 'சி.டி.ஆர்.ஐ.' என்னும் தேசியப் பதிவேட்டில் இருக்கும். 2009 முதல் இது கட்டாயம். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் நீங்களே சரிபாருங்கள். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. எந்த நாளிலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்பதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): காப்பீடு இந்த ஊசிகளுக்குப் பணம் தருமா?

பதில்: தனியார் காப்பீட்டைப் பொறுத்தவரை, ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சை (அடலிமுமாப் போன்ற பல பயாலஜிக் ஊசிகள் இந்த வகைதான்), காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது, ஆயினும் பாலிசியில் அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கக்கூடும். மருத்துவமனையில் சேர்ந்து நரம்பு வழியாக ஏற்றும் ரிடுக்சிமாப், இன்ஃபிளிக்சிமாப் போன்றவற்றுக்குப் பணம் கிடைப்பது எளிது, வீட்டில் நாமே போட்டுக்கொள்ளும் ஊசிக்குக் கிடைப்பது கடினம். இதையும் மனத்தில் வைத்து மருத்துவரிடம் பேசுங்கள். புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் நோயை மறைக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): பெயர் தெரியாத பொடி ஒன்றை மாமியார் மூன்று மாதங்களாகச் சாப்பிடுகிறார். வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் முகம் உப்பி, சர்க்கரையும் ஏறியிருக்கிறது.

பதில்: சகோதரி, அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்கு வலுவாக எழுகிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பதிவுபெற்ற சித்த மருத்துவர் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருவார், தயாரிப்பு உரிம எண் உள்ள மருந்தைக் கொடுப்பார். பெயரே இல்லாத பொட்டலம் அப்படிப்பட்டதன்று. ஆனால் பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் ஸ்டீராய்டு எடுத்த உடல், அதைத் தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிட நேரிடலாம். மீதமுள்ள பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே அவரைப் பொது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறிது சிறிதாகக் குறைக்கும் அட்டவணையை அவர் எழுதித் தருவார். அதற்குள் வாந்தியோ கடும் சோர்வோ வந்தால், காலை வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.