மலைக்காரன் தனியா கடலுக்குத் தூண்டில் போடப் போனா... கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில பூண்டு போடுறவன் நான். வருஷத்துல அஞ்சாறு தடவை மலை இறங்கி தூத்துக்குடி, பாம்பன் பக்கம் ஒரு வள்ளமும் ஆளும் பேசி கரையோரக் கடல்ல தனியா தூண்டில் போட்டுட்டு வருவேன். கேட்டுக்கிட்டே இருக்கீங்க, இன்னைக்கு மழை, தோட்டத்துல வேலை இல்ல, உக்காந்துட்டேன்.

பெருமாள்மலை தம்பி: நான் ஒருத்தன்தான் வர்றேன், வாடகை பாதியாகுமா?

ஆகாது. வாடகை வள்ளத்துக்கு, தலைக்கு இல்ல. எண்ணெய் அதேதான், ஆளோட ஒரு நாள் பொழப்பும் அதேதான். அதனால பெரிய போட்டு பேசாதீங்க, ரெண்டு பேர் நிக்கிற சின்ன ஃபைபர் வள்ளம், விடியுறதுக்கு முன்னாடி கிளம்பி பத்து மணிக்குள்ள திரும்புற மாதிரி அரை நாள் பேசுங்க, அது போதும், வெயில் ஏறினா நம்ம மலைத்தோல் தாங்காது. தனியா போறதுல ஒரு சுகம் இருக்கு, முன்னணியம், அதான் வள்ளத்தோட முன்பக்கம், முழுக்க உங்களுக்குத்தான், பக்கத்து ஆள் தூண்டிலோட சிக்காது. ஏறுறதுக்கு முன்னாடி லைஃப் ஜாக்கெட் இருக்கா, வள்ளத்துல பதிவு நம்பர் எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஏறாதீங்க.

கொடைக்கானல் நண்பர்: எந்த மாசம் போகலாம்ணே?

காத்தைக் கேட்டுட்டுப் போங்க, காலண்டரை இல்ல. ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கும், தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அந்த நேரம் பாம்பன்ல வடகடல், அதான் பாக் விரிகுடா, ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து வந்துட்டா அப்படியே தலைகீழ், வடகடல் கெட்டுப்போய் தென்கடல், அதான் மன்னார் வளைகுடாப் பக்கம் தேவலாம்னு ஆகும், ஆனா அது புயல் காலமும் கூட, துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டா ரூமைக் காலி பண்ணிட்டு மலை ஏறிடுங்க. ஜனவரியிலருந்து மார்ச் எனக்குப் பிடிச்சது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அது விசைப்படகுக்குத்தான், நாட்டு வள்ளத்துக்கு இல்ல, இருந்தாலும் அந்தந்த ஊர்க் கட்டுப்பாடு என்னன்னு கேட்டுக்கோங்க. வள்ளக்காரர் "இன்னைக்கு வேணாம் தம்பி"ன்னா வேணாம்தான். அட்வான்ஸ் குடுத்துட்டேன்னு மல்லுக்கட்டாதீங்க.

பண்ணைக்காடு அண்ணன்: என்ன ராட் வாங்கலாம்?

ஏழடி மீடியம் ஹெவி, 4000 சைஸ் ரீல், 20-30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), நுனியில 40 பவுண்டு லீடர் (முள்ளுக்கு முன்னாடி கட்டுற தடிச்ச நூல்). கொடுவா, பாறை, செப்பிலி எல்லாத்துக்கும் ஆகும். வந்ததும் நல்ல தண்ணியில லேசா கழுவி காய வைங்க, மலைப் பனியில உப்போட மூடி வச்சா ஒரே மாசத்துல துரு.

வில்பட்டி தங்கச்சி: கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தியே வராது, கடல் ஒண்ணும் செய்யாதுல்ல?

நானும் இப்படித்தான் சொன்னேன். முதல் அரை மணி நேரத்துல மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டேன். கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வாந்தி மாத்திரை போட்டுக்கோம்மா, தூக்கம் வரும், அன்னைக்கு வண்டி ஓட்டாத. குனிஞ்சு போனைப் பாக்காம தூரத்துல கடல் முடியுற கோட்டைப் பாரு. கண்ணாடியும் போடு, தெறிச்சு வர்ற தூண்டில் முள்ளு கண்ணைத்தான் தேடும்.

மன்னவனூர் தம்பி: பிடிச்ச மீனைத் திரும்ப விட்டா வள்ளக்காரர் கோச்சுக்குவாரா?

இதைத்தான் யாராவது கேப்பீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

புன்னைக்காயல்ல, தாமிரபரணி கடல்ல விழுற எடம், அங்கதான் என் முதல் பெரிய கொடுவா. கை நீளம் இருக்கும். வீடியோ எல்லாம் பாத்துக் கத்துக்கிட்டவன்ல, பெருமையா போட்டோ எடுத்து தண்ணியில விட்டுட்டேன். வள்ளக்கார அண்ணன் கரை சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. எறங்குறப்போ மட்டும், "வேணாம்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னாரு. அந்த மீனுக்கு ஏலத்துல என்ன விலைன்னு அப்புறம்தான் விசாரிச்சேன், கூசிருச்சு.

விட்டது தப்புன்னு சொல்லல. கொடுவா ஆணாப் பொறந்து வளர்ந்தப்புறம் பொண்ணா மாறுற மீன், பெருசு எல்லாம் முட்டை போடுற தாய். அதை விடுறதுல அர்த்தம் இருக்கு. ஆனா கரையிலயே பேசிடணும்: இந்த அளவுக்கு மேல விட்டுடுவேன், மத்தது உங்களுக்கு, இல்லைன்னா வாடகையில இவ்வளவு கூட. பேசாம ஏறினீங்கன்னா நீங்க விடுறது அவரோட மீனை.

வத்தலகுண்டு அண்ணன் (சொந்த ஊர் தூத்துக்குடி): வாயில முள்ளைக் குத்தி இழுத்துட்டு அப்புறம் விடுறதுக்குப் பேரு இரக்கமா? திங்கணும், இல்லைன்னா பிடிக்கக் கூடாது.

பாதி ஒத்துக்கிறேன்ணே. விடுறவன் ஒழுங்கா விடணும், முள்ளுல இருக்கிற எதிர்க்கொக்கியை நசுக்கிடணும், கையை நனைச்சுட்டுத்தான் தொடணும், முடிஞ்சா தண்ணிக்குள்ளயே கழட்டணும். செவுள்ல ரத்தம் வந்தா குழம்புக்குத்தான்.

ஊட்டி நண்பர்: அவலாஞ்சியில நாங்க டிரவுட்டை விட்டுட்டுத்தான் வர்றோம், யாரும் கேக்கல.

யார் கேப்பா? அது வெள்ளைக்காரன் முட்டையா கொண்டு வந்து வளர்த்து விட்ட மீன், முட்டையைப் பொரிக்க வைக்கிறதுக்குன்னே அங்க பண்ணை இருக்கு. அதை நம்பி எந்த வீட்லயும் உலை கொதிக்கல. கடல்ல கூட நிக்கிறவருக்கு அது பொழப்பு.

வத்தலகுண்டு அண்ணன்: அப்போ காசு குடுத்தா விடலாம்ங்கிற?

காசு மட்டும் இல்லண்ணே, கேட்டுட்டு விடலாம்ங்கிறேன். உங்க ஊர் ஆளு கோவம் உங்களுக்குத் தெரியாதா? இதோட நிறுத்திக்குவோம், மத்தவங்க காத்திருக்காங்க.

தாண்டிக்குடி தம்பி: கெளுத்தி முள்ளு குத்திட்டா?

கெளுத்தி, ஓரா, திருக்கை எல்லாத்துக்கும் விஷம் உண்டு. கை பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல அரை மணி நேரமாவது முக்கி வைங்க, வலி எறங்கும். திருக்கைன்னா அப்புறம் நேரா ஆஸ்பத்திரி.

ஊட்டி நண்பர்: தீவுல எறங்கி மீன் பிடிக்கலாமா?

கூடாது. தூத்துக்குடியிலருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கிற 21 தீவும் கடல் தேசியப் பூங்கா. கடல் அட்டை, கடல் குதிரையைத் தொட்டாலும் கேஸ். "நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்ற கைடு கூடப் போகாதீங்க.

கொடைக்கானல் இன்னொருத்தர்: அண்ணே என்ன ராட்?

மேல இருக்கு.

பூலத்தூர் நண்பர்: கொடை ஏரிக்கு வாங்கின ராட் கடலுக்கு...

மேல இருக்குய்யா! ஒடிஞ்சா என்கிட்ட வராதீங்க. லைஃப் ஜாக்கெட்டைப் பத்தி ஒருத்தராவது கேட்டீங்களா? தனியாப் போறவன் எந்தக் கரை, யார் வள்ளம், எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு வீட்ல எழுதி வச்சுட்டுப் போகணும். கடலோரக் காவல்படை நம்பர் 1554, அதையும் எழுதி வைங்க.

மன்னவனூர் தம்பி: அந்த புன்னைக்காயல் அண்ணன் இப்ப பேசுறாராண்ணே?

அடுத்த மாசம் அவர் வள்ளம்தான். போன தடவை நாலு கிலோ மலைப்பூண்டு கொண்டு போனேன், வேணாம் வேணாம்னுட்டு வாங்கிக்கிட்டாரு. வாடகையில ஒரு ரூபா குறைக்கல.