முதலில் நடை, அப்புறம்தான் மூளை

மனிதனின் ஆதி முன்னோர் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

"சோலைமந்திகளைத் தினமும் பாக்கறனுங்க. நாம குரங்குல இருந்து வந்தம்னா, இதுக ஏனுங்க இன்னும் மனுசனாகல?" (வால்பாறை)

நாம் சோலைமந்தியிலிருந்து வரவில்லை. சிம்பன்சியிலிருந்தும் வரவில்லை. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இரு தரப்புக்கும் பொதுவான மூதாதை ஆப்பிரிக்காவில் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிந்தது. நம் பக்கத்து வழியில் வந்த எல்லா இனங்களையும் சேர்த்து ஹோமினின் என்கிறோம்.

சோலைமந்தியின் கிளை அதற்கும் வெகுகாலம் முன்பே, இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, பிரிந்து போய்விட்டது. மனிதனாகும் வழியில் பாதியில் நின்றுபோன பிராணி அல்ல அது. ஆனைமலைச் சோலைக்காட்டு வாழ்க்கைக்கு முழுமையாகத் தேறிய உயிர்.

"குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதனாகும் படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அதை வைத்தே பாடம் நடத்தலாமா?" (ஆசிரியை, பொள்ளாச்சி)

தயவுசெய்து வேண்டாம், டீச்சர். அந்தப் படம் பிள்ளைகள் மனதில் இரண்டு தப்பான எண்ணங்களைப் பதிய வைத்துவிடுகிறது. ஒருவர் போன பிறகே அடுத்தவர் வந்தார் என்பது ஒன்று. உண்மையில் பல இனங்கள் ஒரே காலத்தில் வாழ்ந்திருக்கின்றன. 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் நம்முடைய ஹோமோ பேரினமும் இருந்தது. பெரிய கடைவாய்ப் பற்களோடு பாராந்த்ரோபஸும் இருந்தது. பாராந்த்ரோபஸ் வாரிசு விடாமலே அற்றுப்போனது.

இன்னொன்று, உடம்பு நிமிர நிமிர மூளையும் கூடவே வளர்ந்தது என்ற எண்ணம். லூசியைப் பாருங்கள். 1974இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் டொனால்ட் ஜொஹான்சன் கண்டெடுத்த எலும்புக்கூடு அது. வயது சுமார் 32 லட்சம் ஆண்டு. உயரம் மூன்றரை அடிதான். அவளுடைய இனமான ஆஸ்ட்ரலோபித்தேகஸ் அஃபாரென்சிஸின் மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஆனால் இடுப்பெலும்பு கிண்ணம் போலக் குட்டையாக அகன்றிருக்கிறது. தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்து இறங்குகிறது. இரண்டு காலில் நடப்பவர்களுக்கு மட்டுமே அப்படி அமையும்.

எலும்பு மட்டும் போதாது என்பவர்களுக்குத் தான்சானியாவின் லேட்டோலி இருக்கிறது. ஈரமான எரிமலைச் சாம்பலில் நடந்து போனவர்களின் காலடித் தடங்களை 1978இல் மேரி லீக்கியின் குழு அங்கே வெளிக்கொண்டு வந்தது. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பதிந்தவை. பெருவிரல் குரங்குக்குப் போல விலகி நிற்காமல், நம் காலைப் போல மற்ற விரல்களோடு ஒட்டியே நேராக இருக்கிறது. இந்தத் துறையில் இதைவிட என் மனதை அசைத்த சான்று வேறில்லை.

இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய கல்கருவிகள் கென்யாவின் லோமெக்வியைச் சேர்ந்தவை, 33 லட்சம் ஆண்டு. மூளை வேகமாகப் பெருத்ததோ அதற்கும் வெகுகாலம் கழித்து, ஹோமோ வந்த பிறகு. ஆகவே வரிசைப் படத்துக்குப் பதிலாகக் கிளைகள் பிரியும் மரமாகப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். பட்டுப்போன கிளைகளையும் சேர்த்தே வரையட்டும்.

"32 லட்சம் வருசம்னு எதை வெச்சுங்க சொல்றாங்க?" (ஈரோடு)

எலும்பை வைத்து அல்ல, அதற்கு மேலும் கீழும் கிடக்கும் எரிமலைச் சாம்பலை வைத்து. சாம்பலின் தாதுக்களில் கதிரியக்கப் பொட்டாசியம் இருக்கும். அது சீரான வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறும். பாறைக்குழம்பு உருகிக் கிடக்கும்போது பழைய ஆர்கான் வெளியேறிவிடுவதால், ஆறிய பிறகு சேர்ந்ததை அளந்தால் வயது தெரிந்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் எரிமலைகள் அடிக்கடி வெடித்தது நமக்குப் பெரிய அதிர்ஷ்டம்.

"நம்ம கொங்கு மண்ணுல தோண்டினா இப்படி ஏதாச்சும் கிடைக்குமுங்களா?" (கோபி)

லூசி போன்ற எலும்பு கிடைக்காது. அந்த ஆதி இனங்களின் எச்சங்கள் ஆப்பிரிக்காவுக்கு வெளியே எங்கும் கிடைக்கவில்லை. அதோடு, நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் 250 கோடி ஆண்டு அளவுக்குப் பழைய பாறை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. அதில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. கொடுமணல் கல்லறைகளில் கிடந்தவர்களோ இரும்புக் காலத்தவர்கள், நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன்ஸ்தான்.

ஆனால் தமிழ்நாடு இந்தக் கதைக்கு வெளியே இல்லை. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு ஆராய்ந்த கல்லாலான கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என 2011இல் அறிவிக்கப்பட்டது. செய்தவர்களின் எலும்பு கிடைக்காததால் அவர்கள் எந்த இனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. காலத்தை வைத்து, நமக்கு முந்திய ஹோமோ இனமான ஹோமோ எரக்டஸ் என்று ஊகிக்கலாம்.

"நீட் பாடத்துல ராமாபித்தேகஸ் மனுசன மாதிரி இருந்துச்சுன்னு இருக்கு. அப்ப அது நம்ம முன்னோர்தானுங்களே?" (மாணவி, நாமக்கல்)

இல்லைம்மா. ராமாபித்தேகஸ் ஒரு பழங்கால வாலில்லாக் குரங்கு. 1930களில் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைகளில் கிடைத்த அதன் தாடைத் துண்டை வைத்துத்தான் அப்படி நம்பினார்கள். 1967இல் சாரிச், வில்சன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். ராமாபித்தேகஸோ அதைவிட மிகப் பழையது. பிறகு பாகிஸ்தானில் கிடைத்த, இன்னொரு பழங்கால வாலில்லாக் குரங்கான சிவாபித்தேகஸின் முகம், 1982இல் விவரிக்கப்பட்டபோது, ஒராங்குட்டானை ஒத்திருந்தது. ராமாபித்தேகஸும் அந்த இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தேர்வில் கேட்டால் புத்தகத்தில் உள்ளபடியே விடையைக் குறி. மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். கல்லூரிக்குப் போன பிறகு சிவாபித்தேகஸ் என்ற பெயரில் தேடிப் படி.